வால்வு மாற்றிய இதயம், அண்ணாச்சி கடை வலி மாத்திரை: ரெண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசி வட்டாரத்தில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். ஒன்று அருவிக்கரை, இன்னொன்று மருந்துக் கடை. ஆய்க்குடி, இலத்தூர், சாம்பவர்வடகரை என்று எந்த ஊர்க் கடையில் நின்றாலும் கேட்கிற பேச்சு ஒன்றுதான். "அண்ணாச்சி, காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் ரெண்டு வேளைக்கு மாத்திர குடுங்க." மாத்திரைகள் வெட்டி, சின்னக் கவரில் போட்டு, கைக்கு வந்துவிடும். ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் வராது: "வேற என்ன மாத்திர சாப்பிடுதீங்க?"

நூறில் தொண்ணூறு பேருக்கு அந்தக் கேள்வி இல்லாமலும் ஒன்றும் ஆகாது. ஆனால் வரிசையில் நிற்பவர் செயற்கை இதய வால்வு பொருத்தியவராகவோ, இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து எடுப்பவராகவோ இருந்தால் கதை வேறு. அந்த ரெண்டு வேளை மாத்திரையே வயிற்றுக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். வேறு சில மருந்துகள் இதற்கு நேர் எதிராக, வால்வில் ரத்தத்தை உறைய வைத்துப் பக்கவாதம் வரை கொண்டுபோகலாம். பாடப்புத்தகம் இதை 'மருந்துகளின் இடைவினை' என்று சொல்லும். எளிமையாகச் சொன்னால், மருந்தும் மருந்தும் மோதுவது.

வால்வு ஏன் கெடுகிறது?

இதயத்துக்குள் நான்கு வால்வுகள். ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போக வேண்டும், திரும்பி வரக்கூடாது. அதற்கான கதவுகள் அவை. மேலை நாடுகளில் இந்தக் கதவுகள் பெரும்பாலும் முதுமையில்தான் தேய்கின்றன. நம் நாட்டில் இன்றும் இளம் வயதிலேயே கெடுவதற்கு முக்கியக் காரணம் வாதக் காய்ச்சல்.

ஆரம்பம் சாதாரணமானதுதான். பள்ளிக்கூட வயதில் ஒரு தொண்டை வலி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா தொற்று. அதை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புப் படை, அடையாளம் தெரியாமல் சொந்த மூட்டுகளையும் இதய வால்வுகளையும் தாக்கிவிடுகிறது. மூட்டு வீக்கம் சில வாரங்களில் சரியாகிவிடும். வால்வில் விழுந்த தழும்பு சரியாகாது. இருபது வயதிலோ முப்பது வயதிலோ, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று போகும்போதுதான் 'வால்வு சுருங்கியிருக்கு' என்பது தெரியவரும். இந்த நோய் உள்ளவர்கள் மூன்று வாரத்துக்கு ஒரு முறை பெனிசிலின் ஊசி போட்டுக்கொள்வது, தொண்டைத் தொற்று திரும்ப வந்து வால்வை மேலும் கெடுக்காமல் இருப்பதற்காக.

வால்வு ரொம்பவே பழுதானால் மாற்றித்தான் ஆக வேண்டும். தென்காசி வட்டாரத்தில் அதற்கு இரண்டு திசைகள் பழக்கமானவை. ஒன்று திருநெல்வேலி, மதுரைப் பக்கம். இன்னொன்று செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை வழியாக மலை தாண்டித் திருவனந்தபுரம். அங்கே இருக்கிறது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம்.

இந்தியாவின் சொந்த வால்வு பிறந்த இடமும் அதுதான். வெளிநாட்டு வால்வுகளின் விலை ஏழை நோயாளிகளுக்கு எட்டாத காலத்தில், அறுவை மருத்துவர் எம்.எஸ்.வல்லியத்தானின் குழு சொந்தமாக ஒன்றை உருவாக்க இறங்கியது. முதல் மூன்று மாதிரிகள் தோற்றன. நான்காவது நின்றது. கோபால்ட் கலந்த உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து சாய்ந்து திறந்து மூடும் ஒரு பிளாஸ்டிக் வட்டு. 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா வால்வு என்ற பெயரில் இன்று வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதயங்களுக்குப் போயிருக்கிறது. வல்லியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

வால்வு வாழ்நாள் முழுக்க உழைக்கும். ஆனால் சித்ராவோ வெளிநாட்டு வால்வோ, உலோக வால்வு என்றால் ஒரு நிபந்தனை உண்டு. ரத்தம் எந்த அந்நியப் பொருளைத் தொட்டாலும் அதன்மேல் உறையப் பார்க்கும். ஆகவே ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும் மாத்திரையை ஆயுள் முழுவதும் தினமும் போட வேண்டும். ஒரு நாள் கூட விடக்கூடாது. இந்தியாவில் அதற்குப் பரவலாகக் கொடுக்கப்படுவது அசினோகூமரால். 'ஆசிட்ரோம்' என்றால் வால்வு மாற்றியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று வார்ஃபரின்.

மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்த மருந்து

இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிக்கப்பட்டது ஆஸ்பத்திரியில் இல்லை, மாட்டுப் பண்ணையில். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு தீய்த்தால் கூட ரத்தம் நிற்கவில்லை. ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் புல்லைப் பூஞ்சை பிடித்த நிலையில் தின்றதுதான் காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழு அந்த நச்சைப் பிரித்தெடுத்தது. அதை வைத்துச் செய்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மறு வருடம் அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இதுதான் கொடுக்கப்பட்டது.

எலி மருந்தா என்று பயப்பட வேண்டாம். அளவுதான் இங்கே விஷயம். கல்லீரல் சில உறைகாரணிகளைத் தயாரிக்க வைட்டமின் கே வேண்டும். இந்த மாத்திரை அந்த வைட்டமினைத் திரும்பப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. உறைகாரணிகள் குறையும், ரத்தம் உறைய நேரமாகும். எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐ.என்.ஆர். மருந்து எடுக்காதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். உலோக வால்வு வைத்தவர்களுக்கு, எந்த இடத்து வால்வு என்பதைப் பொறுத்து, பொதுவாக 2-க்கும் 3.5-க்கும் இடையில் வைக்கிறார்கள். 2-க்குக் கீழே இறங்கினால் வால்வில் கட்டி உறையும் ஆபத்து. 5, 6 என்று ஏறினால் மூளையிலோ குடலிலோ ரத்தக்கசிவு ஆபத்து.

மருந்துக் கடையில் விற்கும் பெரும்பாலான மருந்துகளுக்கு இவ்வளவு குறுகலான பாதை கிடையாது. பாராசிட்டமால் 500-க்குப் பதில் 650 போட்டால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. ஆசிட்ரோமில் 2 மில்லிகிராமுக்கும் 3 மில்லிகிராமுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. மோதல் என்றதும் மருத்துவர்கள் முதலில் இந்த மாத்திரையைப் பற்றிப் பேசுவது அதனால்தான்.

மதகு அடைத்தால் குளம் நிரம்பும்

குளத்துப் பாசனம் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தினமும் போடும் மாத்திரை குளத்துக்கு வரும் தண்ணீர். கல்லீரலில் இருக்கும் நொதிகள் மதகு. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை நீர்மட்டம் நிலையாக இருக்கும். சில மருந்துகள் மதகை அடைத்துவிடும். போடும் மாத்திரை அதேதான், ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகும். சில மருந்துகள் மதகை அகலத் திறந்துவிடும். மாத்திரை போட்டும் போடாதது மாதிரி ஆகிவிடும்.

மதகை அடைப்பவை நமக்குப் பழக்கமானவைதான். வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல். தேமல், படைக்கு ஃப்ளூகோனசோல். சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்ஸசோல். இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தத் தரும் அமியோடரோனும் இந்தப் பட்டியலில்தான். வாய்ப்புண்ணுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல் கூட ஐ.என்.ஆரை ஏற்றிவிடும் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். தடவுறதுதானே, விழுங்கவா செய்யறோம் என்பார்கள். வாயில் தடவினால் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும்.

மதகைத் திறப்பவற்றில் முதலிடம் காசநோய் மருந்து ரிஃபாம்பிசினுக்கு. இந்தியாவுக்கு இது சின்ன விஷயமே இல்லை. உலகிலேயே அதிகக் காசநோயாளிகள் உள்ள நாட்டில், வால்வு மாற்றியவருக்கும் காசநோய் வரத்தான் செய்யும். ரிஃபாம்பிசின் தொடங்கிய சில வாரங்களில் ஐ.என்.ஆர். சரியும். ஆசிட்ரோம் அளவைப் பல மடங்கு கூட்ட வேண்டி வரலாம். ஆறு மாதம் கழித்துக் காசநோய் சிகிச்சை முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தும்போதுதான் அடுத்த ஆபத்து. கூட்டிய அளவை உடனே குறைக்கத் தொடங்காவிட்டால், அதே மாத்திரை ரத்தக்கசிவைக் கொண்டுவரும். ஒரு மருந்தைச் சேர்ப்பது மட்டுமல்ல, நிறுத்துவதும் மோதல்தான்.

"ஒரு ஊசி போட்டா சரியாயிடும்"

எல்லா மோதல்களிலும் அன்றாடம் நடப்பது வலி மாத்திரையால்தான். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாம் ஒரே குடும்பம். நடவு, களையெடுப்பு, பீடி சுற்றுவது என்று நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்யும் ஊர்களில் இடுப்புவலியும் மூட்டுவலியும் வராத வீடு கிடையாது. இந்த மாத்திரைகள் இல்லாத வீடும் அபூர்வம்.

இவை மூன்று வழியில் தொல்லை தருகின்றன. முதலாவது, இரைப்பையின் உள்தோலைக் காக்கும் சளிப்படலத்தைப் பலவீனமாக்கிப் புண் உண்டாக்கும். இரண்டாவது, ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கும். ஆசிட்ரோம் ஏற்கெனவே உறைவதைத் தள்ளிப்போட்டிருக்கிறது. இப்போது புண்ணும் உண்டு, அதை அடைக்க ஆளும் இல்லை. ஐ.என்.ஆர். சரியான அளவில் இருக்கும்போது கூட இந்த ரத்தக்கசிவு நடக்கும் என்பதுதான் சிக்கல். பரிசோதனைச் சீட்டு எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லும், வயிறு வேறு சொல்லும்.

மூன்றாவது தொல்லை ஆசிட்ரோம் போடாத இதய நோயாளிகளுக்கும் பொருந்தும். வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, உடலில் உப்பையும் நீரையும் தேக்கிவிடும். இதயம் பலவீனமானவருக்கு நாலே நாளில் கால் வீங்கி மூச்சு முட்டுவதற்கு இது போதும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரை ஒன்று, சிறுநீர் பிரிய ஒரு மாத்திரை, கூடவே வலி மாத்திரை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். 2013-லேயே ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு டைக்ளோஃபெனாக் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. இங்கே அது இன்னும் கேட்டவுடன் கிடைக்கிறது.

'மாத்திர கேக்காது, ஊசிதான் கேக்கும்' என்ற நம்பிக்கை இன்னொரு பக்கம். ஆசிட்ரோம் எடுப்பவருக்கு இடுப்பில் போடும் ஊசி தசைக்குள் ரத்தம் கட்ட வைக்கலாம். வாதக் காய்ச்சலுக்கான பெனிசிலின் ஊசியையே ஐ.என்.ஆர். பார்த்துத்தான் போடுவார்கள். வலி ஊசிக்கு அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

அப்போ வலிக்கு என்னதான் போடுவது? இதய மருத்துவர்கள் பொதுவாக முதலில் சொல்வது பாராசிட்டமால். அதிலும் ஒரு எல்லை உண்டு. தொடர்ந்து பல நாட்கள், தினம் நாலு மாத்திரை என்று போனால் அதுவும் ஐ.என்.ஆரை ஏற்றும். ஆஸ்பிரினை ஆசிட்ரோமோடு சேர்த்து மருத்துவரே எழுதித் தருவதும் உண்டு. அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அதைத் தானாக நிறுத்துவதும் தப்பு, தானாக இன்னொன்று சேர்ப்பதும் தப்பு.

கீரை சாப்பிடலாமா?

வால்வு மாற்றியவர்கள் வீட்டில் பெரிய சண்டையே கீரையில்தான். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பொன்னாங்கண்ணி, முட்டைக்கோஸ், கொத்தமல்லி எல்லாவற்றிலும் வைட்டமின் கே உண்டு. மாத்திரை எதைத் தடுக்கிறதோ அதையே கீரை கொண்டுவந்து கொடுக்கிறது. ஆகவே கீரையே கூடாது என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத தண்டனை. இன்றைய மருத்துவ ஆலோசனை வேறு: சாப்பிடலாம், ஆனால் வாராவாரம் ஏறத்தாழ ஒரே அளவு. மாத்திரை அளவை அந்தச் சாப்பாட்டுக்கு ஏற்ப மருத்துவர் அமைத்துவிடுவார். மாதம் முழுக்கத் தொடாமல் இருந்துவிட்டு, கொல்லை மரத்து முருங்கை தழைத்துவிட்டதே என்று ஒரு வாரம் தினமும் கீரை வதக்கினால்தான் சிக்கல்.

விரதமும் இதே கணக்குதான். ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிற ஊரில் கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவர்கள் உண்டு. சாப்பாடு குறைந்தால் வைட்டமின் கே குறையும், ஐ.என்.ஆர். ஏறும். நாலு நாள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இதேதான். விரதம் இருக்கக்கூடாது என்பதில்லை. இருக்கப் போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் எப்போது பரிசோதிக்கலாம் என்று அவர் சொல்வார்.

மூலிகைதானே, என்ன செய்யும்?

பொதிகை மலையின் காலடியில் இருக்கும் ஊர்களில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. குற்றாலம் வருகிறவர்கள் அருவியில் குளித்துவிட்டு மூலிகைப் பொடி வாங்காமல் போவது குறைவு. சித்த மருத்துவம் இங்கே வீட்டு வைத்தியம் மாதிரி. அந்த மருத்துவத்தைக் குறை சொல்வது இங்கே நோக்கம் இல்லை. மூலிகைக்கு வீரியம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அது இன்னொரு மருந்தோடு மோதும் என்பதையும் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்.

நன்றாகத் தெரிந்த உதாரணம் அதிமதுரம். தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதே வேர். அதிலுள்ள கிளிசிரைசின் தினமும் அதிக அளவில் போனால் உடலில் உப்பு தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சிறுநீர் பிரியத் தரும் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுவதுதான். ரெண்டும் சேர்ந்து பொட்டாசியம் சரிந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். டிஜாக்ஸின் எடுப்பவர்களுக்கு இது இன்னும் மோசம், ஏனென்றால் பொட்டாசியம் குறையக் குறைய டிஜாக்ஸினின் நச்சுத்தன்மை கூடும்.

மஞ்சளையும் சொல்ல வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள்தூளுக்குப் பயம் தேவையில்லை. மாத்திரையாக விற்கும் செறிவூட்டிய மஞ்சள் சத்து வேறு. வார்ஃபரின் எடுத்துவந்த ஒருவர் அப்படி ஒன்றைச் சேர்த்துக்கொண்டதும் ஐ.என்.ஆர். 10-க்கு மேல் போனதாக நியூசிலாந்து மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. பூண்டு, இஞ்சிக்கும் இதே வித்தியாசம்தான். சமையலில் பிரச்சினை இல்லை, கேப்ஸ்யூலாக வரும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இளநீர் கூடவா? ஆமாம், சிலருக்கு. அதில் பொட்டாசியம் அதிகம். இதயச் செயலிழப்புக்கு ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள், ராமிப்ரில் வகை எடுப்பவர்கள், கூடவே சிறுநீரகமும் பலவீனமானவர்களுக்கு உடலில் பொட்டாசியம் ஏற்கெனவே தேங்கும். வெயில் நாளில் நாலைந்து இளநீர் குடித்தால் அது ஆபத்தான அளவுக்கு ஏறலாம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கும் பாக்கெட்டிலும் பாதிக்குப் பாதி பொட்டாசியம் இருக்கலாம். ரத்த அழுத்தத்துக்கு நல்லது என்று விளம்பரம் பார்த்து வாங்குவோர் இதைக் கவனிப்பதில்லை.

துடிப்பைத் தடுமாற வைக்கும் மருந்துகள்

இதயத்தின் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அதன் மின்சாரம் மறுபடி தயாராகச் சிறிது நேரம் ஆகும். இ.சி.ஜி-யில் அதை 'க்யூ.டி. இடைவெளி' என்பார்கள். அது நீண்டால் இதயம் திடீரென்று கட்டுப்பாடில்லாமல் துடித்து நின்றுவிடலாம். சிலருக்குப் பிறவியிலேயே இது நீளமாக இருக்கும், வீட்டில் யாருக்கும் தெரியாமலே.

மருந்து மோதலால் இது நடக்கும் என்பதை உலகத்துக்குக் காட்டியது ஒரு சாதாரண அலர்ஜி மாத்திரை. அதன் பெயர் டெர்ஃபெனடின். தூக்கம் வராத அலர்ஜி மருந்து என்று பிரபலமானது. அதோடு பூஞ்சைக்கான கீட்டோகோனசோலும் எடுத்த 39 வயதுப் பெண்ணுக்கு இதயத் துடிப்பு தாறுமாறான சம்பவம் 1990-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. பூஞ்சை மருந்து மதகை அடைத்ததில் டெர்ஃபெனடின் ரத்தத்தில் குவிந்திருந்தது. 1998-ல் அது அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இப்போது கிடைக்கும் ஃபெக்ஸோஃபெனடின், அதன் ஆபத்தில்லாத வாரிசு.

2020 கொரோனா காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது மருத்துவர்கள் இ.சி.ஜி. பார்க்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸசின், வாந்திக்கான ஒண்டான்செட்ரான், கேஸ் மாத்திரையோடு சேர்ந்து வரும் டாம்பெரிடோன் இவையெல்லாம் தனித்தனியே பெரும்பாலானோருக்குப் பிரச்சினை தராதவை. அமியோடரோன் போன்ற துடிப்பு மருந்து எடுப்பவருக்கு ஒரே கவரில் இவற்றில் இரண்டு வந்தால்தான் கவலை.

நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் வகை மாத்திரைக்கும் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபிலுக்கும் ஆகவே ஆகாது. ரெண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கும். வெட்கத்தில் இதை யாரிடமும் சொல்லாமல் மறைப்பவர்கள் நிறைய. நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்குப் போகும்போதாவது இதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டென்ட் வைத்தவர்கள் எடுக்கும் குளோபிடோக்ரெலுக்கும் ஒமிப்ரசோலுக்கும் உள்ள தகராறு கொஞ்சம் விவாதத்துக்குரியது. குளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும். அந்த மாற்றத்தை ஒமிப்ரசோல் தடுக்கிறது என்று 2009-ல் அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு எச்சரித்தது. அடுத்த ஆண்டு வந்த ஒரு பெரிய ஆய்வில் மாரடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஆனாலும் பல மருத்துவர்கள் பாதுகாப்புக்காகப் பான்டோபிரசோலுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

பரிசோதனையே தேவையில்லாத புது மாத்திரைக்கு மாறலாமா?

மாதாமாதம் ரத்தம் கொடுத்துச் சலித்தவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. டபிகாட்ரான், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் என்று புதிய உறைவுத் தடுப்பு மருந்துகள் வந்துவிட்டன. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக் கணக்கும் இல்லை. நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் வால்வு நோய் இல்லாத துடிப்புக் கோளாறுக்கும் இவை நன்றாகவே உதவுகின்றன.

உலோக வால்வுக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. டபிகாட்ரானை உலோக வால்வு நோயாளிகளிடம் சோதித்த 'ரீ-அலைன்' ஆய்வு, ரத்த உறைவும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் பாதியில் நிறுத்தப்பட்டது. முடிவு 2013-ல் வெளியானது. உலோக வால்வு இல்லாவிட்டாலும், வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுத் துடிப்புக் கோளாறும் வந்தவர்களுக்கு ரிவராக்ஸபான் உதவுமா என்று 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த 'இன்விக்டஸ்' ஆய்வு பார்த்தது. அதை வழிநடத்தியவர்களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர் கணேசன் கார்த்திகேயனும் ஒருவர். 2022-ல் வந்த முடிவு பலரும் எதிர்பார்க்காதது: பழைய வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம்தான் மரணங்கள் குறைவு. பழைய மாத்திரைதான் இன்னும் துணை என்றால், அதன் மோதல்களைத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

ஒருவருக்கு 1 மில்லிகிராம், பக்கத்து வீட்டுக்காரருக்கு 4. இந்த வித்தியாசம் ஏன்? இதைப் புதுச்சேரி ஜிப்மர் ஆய்வாளர்கள் தென்னிந்திய நோயாளிகளிடமே பார்த்திருக்கிறார்கள். மருந்தை உடைக்கும் நொதிக்கான ஒரு மரபணுவும், மருந்து போய்த் தாக்கும் இடத்துக்கான இன்னொரு மரபணுவும் ஆளுக்கு ஆள் வேறுபடுவது அளவைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு வகிக்கிறது. 'அவரும் வால்வு வச்சவர்தான், அவர் மாத்திரையையே கொஞ்ச நாளைக்குப் போடுவோம்' என்று கைமாற்றுவது எவ்வளவு பெரிய தப்பு என்பதற்கு இதுவே காரணம்.

இளம் பெண்களுக்கு இந்த மாத்திரையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில், குறிப்பாக ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை, இது கருவைப் பாதிக்கலாம். அதற்காக மாத்திரையைத் தானே நிறுத்தினால் வால்வு உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. ஊசியாகப் போடும் ஹெப்பாரினுக்கு மாறுவது, அளவைக் குறைப்பது என்று வழிகள் உள்ளன. கர்ப்பத்துக்கு முன்பே பேச வேண்டிய விஷயம் இது. நாள் தள்ளிப்போனதும் அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்கக்கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஒரே வீட்டுக்கு மருந்து வரும் வழிகள் இப்போது நிறைய. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வாசலுக்கே வருகிறது. திருவனந்தபுரத்து மருத்துவர் எழுதியது ஒரு சீட்டில், தென்காசி டாக்டர் எழுதியது இன்னொரு சீட்டில். ஒரே அம்லோடிபின் இரண்டு கம்பெனிப் பெயரில் வந்து இரண்டையும் விழுங்குவதும் நடக்கும். அட்டையின் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் உண்மைப் பெயர் அதே அட்டையில் பெரும்பாலும் சின்ன எழுத்தில் இருக்கும். பிள்ளைகள் யாராவது அந்தச் சின்ன எழுத்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, மொபைலில் படமெடுத்து வைத்தாலே பாதி மோதல் தவிர்ந்துவிடும். நாட்டு மருந்து, சத்து மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாமும் அந்தத் தாளில் வர வேண்டும். கண் அழுத்தத்துக்கான டைமோலால் சொட்டு மருந்து கூட இதயத் துடிப்பைக் குறைக்கும்.

புதிதாக எந்த மருந்து ஆரம்பித்தாலும், இருந்ததை நிறுத்தினாலும், அந்த வாரத்திலேயே ஒரு முறை ஐ.என்.ஆர். பார்ப்பது நல்லது. ஒரு வேளை ஆசிட்ரோம் மறந்துவிட்டால் மறுநாள் ரெண்டாகப் போடக்கூடாது. பல் பிடுங்கப் போகும்போது பல் மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டியது வால்வைப் பற்றி. பல வேளைகளில் மாத்திரையை நிறுத்தாமலே, ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் பல் எடுத்துவிட முடியும். நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பல் ஈறில் நிற்காத ரத்தம், கறுத்த மலம், சிவந்த சிறுநீர், காரணமில்லாத நீலத் தழும்புகள், தலையில் அடிபட்ட பிறகு தலைவலி இவை ரத்தம் அதிகமாக இளகியதன் அறிகுறிகள். திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது, வழக்கமாகக் கேட்கும் உலோக வால்வின் 'டிக் டிக்' சத்தம் மங்குவது இவை உறைந்ததன் அறிகுறிகள். இரண்டில் எது என்றாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும். மாத்திரைப் பட்டியல் உள்ள தாள் ஆம்புலன்ஸில் கூடவே போக வேண்டும்.

மருந்தால் பக்கவிளைவோ மோதலோ ஏற்பட்டதாகச் சந்தேகம் வந்தால் நோயாளியே புகார் செய்யவும் வழி உண்டு. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மருத்துவர் மூலமாகத்தான் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.